டொர்னாடோ (சூறாவளிச் சுழல்காற்று) பகுதியில் இருப்பவர்களுக்கு: வானிலை எச்சரிக்கை ரேடியோ, என் மதிப்புரை

பாட்டுக் கேட்க இந்த ரேடியோ உதவாது. அமெரிக்க தேசிய வானிலைச் சேவை 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் நடத்தும் ஒலிபரப்பை மட்டும் பிடிக்கும். மற்ற நேரமெல்லாம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, நம் கவுன்டிக்கு, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதிக்கு, எச்சரிக்கை வந்ததும் அலறும். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவரும் எழுந்துவிடுவார். நான் வாங்கியதே அதற்காகத்தான்.

ஊர் சைரன் இருக்கும்போது இது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அந்த சைரன் வெளியில் நிற்பவர்களுக்காக வைத்தது. ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்கும்போது அது காதில் விழும் என்று நம்பாதீர்கள். 2020 மார்ச் 3 அன்று டென்னசி மாநிலத்தின் புட்னம் கவுன்டியில் டொர்னாடோ தாக்கியபோது பின்னிரவு இரண்டு மணி கூட ஆகவில்லை. 19 பேர் இறந்துபோனார்கள். ராத்திரி வரும் டொர்னாடோவைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்: கண்ணுக்கும் தெரியாது, எழுப்பவும் ஆள் இருக்காது.

வாங்கியவுடன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் கவுன்டிக்கான ஆறு இலக்க எண்ணைப் பதிய வேண்டும். புட்னம் என்றால் 047141. முதல் பூஜ்ஜியம் கவுன்டி முழுவதையும் குறிக்கும், 47 டென்னசி, 141 புட்னம். அம்புக்குறிப் பொத்தானை அமுக்கி ஒவ்வொரு இலக்கமாக நகர்த்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். அதைத் தவிர்த்து 'எல்லா இடமும்' என்றே விட்டுவிட்டால், எங்கோ தூரத்து மழைக்கெல்லாம் அலறும். இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டால் யாராக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள், அப்புறம் ரேடியோ இருந்தும் பயனில்லை.

குறை என்றால் இதுதான்: புயல் கவுன்டியின் ஒரு மூலையில் இருந்தாலும் மறு மூலையில் இருப்பவர் வீட்டிலும் அலறும். ஃபோனில் வரும் அவசரச் செய்தி இன்னும் துல்லியமானது. ஆனால் ஃபோன் சார்ஜ் இல்லாமல் கிடக்கலாம், டவர் விழுந்துவிடலாம். அதனால் எனக்கு இரண்டும் வேண்டும்.

அலறியதும் திரையைப் பாருங்கள். 'வாட்ச்' என்றால் டொர்னாடோ உருவாகும் சூழல் இருக்கிறது என்று பொருள். அப்போதே ஷூ, டார்ச், ஹெல்மெட் எல்லாவற்றையும் ஒளியும் இடத்தில் வைத்துவிடுவேன். 'வார்னிங்' என்றால் யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், அல்லது ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது. சில நிமிடங்கள்தான் கிடைக்கும், அதுவும் நிச்சயமில்லை. வீட்டுக்கு அடியில் நிலவறை இருந்தால் அங்கே போக வேண்டும். இல்லையென்றால் கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத நடு அறை, குளியலறையோ துணி அலமாரி அறையோ. தலையையும் கழுத்தையும் மூடிக்கொண்டு குனிந்து உட்கார வேண்டும். காயம் பெரும்பாலும் பறந்து வரும் பொருள்களால்தான், அதனால்தான் ஹெல்மெட். ஷூ எதற்கென்றால், முடிந்து வெளியே வரும்போது தரையெல்லாம் கண்ணாடியும் ஆணியுமாகக் கிடக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் வீடு தப்பும் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் ஜன்னல் பக்கமே போகக் கூடாது. மொபைல் ஹோமில் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் இலேசான வீட்டில்) இருப்பவர்கள் வாட்ச் வந்தபோதே உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். அந்த வீடுகள் தாங்காது.

கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடுகிறது. அந்த பேட்டரியை டொர்னாடோ பருவம் தொடங்கும்முன் மாற்றிவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் புதன்கிழமை பகலில் சோதனைச் செய்தி வரும். வரவில்லை என்றால் ரேடியோவை ஜன்னலோரம் நகர்த்திப் பாருங்கள், சிக்னல் அங்கே நன்றாகக் கிடைக்கும். காது சரியாகக் கேட்காதவர்கள் வீட்டில் இருந்தால், மின்னும் விளக்கோ தலையணைக்கடியில் அதிரும் கருவியோ இணைக்கும் வசதி உள்ள மாடலையே வாங்குங்கள். எல்லா மாடலிலும் அந்த வசதி கிடையாது, பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும்.