அமில–காரச் சோதனைப் பெட்டி: பிஎச் காகிதத்துக்காக வாங்கலாம்

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பாள்; வெற்றிலைச் சுண்ணாம்பு அமிலமா காரமா என்று கேட்டால் முழிப்பாள். அதற்காகத்தான் 650 ரூபாய்க்கு இந்தப் பெட்டி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தையே காரைக்குடிக்கு வரவழைத்தார். நாங்கள் இதைக் கூரியரில் வரவழைக்க வேண்டியிருந்தது, என்ன செய்ய.

உள்ளே இருப்பதில், அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பிஎச் காகிதம்தான் உருப்படி (எண் குறைந்தால் அமிலம், கூடினால் காரம்). நிறம் சட்டென்று ஏறுகிறது, வண்ண அட்டையோடு ஒத்தும் போகிறது. எலுமிச்சை 2, புளித்தண்ணீர் 3, மோர் 4, சுண்ணாம்புத் தெளிவு 12. "புளிக்கும் மோருக்கும் ஒண்ணுதானேம்மா வித்தியாசம்?" என்றாள். அந்த ஒன்று அமிலத்தன்மையில் பத்து மடங்கு. இரண்டு என்றால் நூறு மடங்கு. 1909-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த சோரன்சன், ஹைட்ரஜன் அயனிச் செறிவைச் சுழியம் சுழியமாக எழுதாமல் சுருக்கத்தான் இந்த அளவுகோலை வகுத்தார். முக்கியமான இந்தச் சங்கதி கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

கையேட்டில் இல்லாத இன்னொன்றை வீட்டிலேயே செய்தோம். ஆலத்தி கரைப்பது போல மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டதும் ரத்தச் சிவப்பு. அதில் எலுமிச்சையைப் பிழிந்தால் சிவப்பு ஓடி, பழைய மஞ்சள் வந்துவிடும். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி சிவப்பு. "அப்பத்தா, இங்க பாருங்க!" என்று கூப்பிட்டாள். என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆலத்தியில எலுமிச்சையப் பிழியாத ஆத்தா, அது எதுக்குன்னு நினைச்ச?" என்று சொல்லிவிட்டு, பிறகு அவரே இன்னொரு மூடியைப் பிழிந்து பார்த்தார். நடுநிலையாக்கல் என்று புத்தகம் சொல்வது அன்றைக்குத்தான் இவளுக்குப் பிடிபட்டது.

காரத்தில் நிறம் காட்டும் பினாப்தலீன் கரைசலைப் பற்றிய பக்கத்தில் கையேடு தப்பாகவே சொல்கிறது. காரம் எதுவானாலும் அடர் இளஞ்சிவப்பு வருமாம். பெட்டியில் அவர்களே கொடுத்திருக்கும் சமையல் சோடாவைக் கரைத்து விட்டால் லேசாக நிறம் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்தக் கரைசலின் பிஎச் 8-ஐ ஒட்டித்தான் இருக்கும். பினாப்தலீன் நிறம் மாறத் தொடங்குவதே அங்கேதான். சுண்ணாம்புத் தெளிவில் விட்டால் பளீரென்று வருகிறது. பிள்ளை தன் கைதான் தப்பு செய்தது என்று நினைத்துக்கொள்ளும்.

'சமமான தரையில் வைத்துச் செய்யவும்' என்று வேறு போட்டிருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டுக்காரர்கள் தயவுசெய்து அந்த வரியைப் படிக்காதீர்கள். அது சிமெண்ட் கல். எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ சிந்தினால் மேல்பூச்சைத் தின்று மினுமினுப்பு போய்விடும். கொல்லையில் கிடந்த உடைந்த கல்லில் சாற்றை விட்டுக் காட்டினேன். ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை கட்டியது. எவர்சில்வர் தட்டில் வைத்துச் செய்யுங்கள்.

அமிலம் பட்டால் சிவக்கும் நீல லிட்மஸ் காகிதம் பிரிக்கும்போதே பாதி சிவந்திருந்தது. சிட்ரிக் பொடிப் பொட்டலம் வாய் பிரிந்து அதன்மேல் கொட்டிக் கிடந்தது. விற்றவர்களிடம் படம் எடுத்து அனுப்பினேன். மாற்றித் தருகிறோம் என்றார்கள், இன்னும் வரவில்லை.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். பிஎச் காகிதம் தனிப் புத்தகமாகவும் விற்கிறார்கள், விலை இதில் கால்வாசிகூட வராது. எலுமிச்சை, சுண்ணாம்பு, மஞ்சள் உங்கள் அடுப்படியிலேயே இருக்கும். அடுத்த பிள்ளைக்கு நான் அந்தக் காகிதத்தை மட்டும்தான் வாங்குவேன்.