எண்ணெய் ஊறலா, சைக்ளோஸ்போரினா? செபேசியஸ் அடினைட்டிஸ் வந்த நாய்க்கு எது?

நாயின் முதுகில் நாலைந்து முடியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்த முடியின் அடிப்பகுதியைச் சுற்றி மெழுகு மாதிரி செதில் உறை போட்டிருந்தால் அதை வெறும் பொடுகு என்று விட்டுவிட வேண்டாம். தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளை உடலே தாக்கி அழிக்கும் செபேசியஸ் அடினைட்டிஸாக இருக்கலாம். ஸ்டாண்டர்டு பூடில், அகிடா இனங்களில் இதை அதிகம் பார்க்கிறோம். பயாப்ஸி, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, செய்துதான் உறுதிப்படுத்த முடியும், அதுவும் இரண்டு மூன்று இடங்களில் எடுத்தால் நல்லது.

சரி, சிகிச்சை. எண்ணெய் ஊறல் என்றால் பேபி ஆயிலைத் தோல் வரைக்கும் தேய்த்து, ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு ஷாம்பு போட்டு இரண்டு மூன்று முறை அலசுவது. ஆரம்பத்தில் வாரம் ஒரு முறையாவது செய்ய வேண்டும். இரண்டு ஊறலுக்கு நடுவில், தோலில் ஈரத்தைத் தக்கவைக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் திரவத்தைத் தண்ணீர் கலந்து தெளிக்கலாம். அடர்முடி நாயைக் குளிப்பாட்டி உலர்த்துவதற்குள் அரை நாள் போய்விடும், இடுப்பு ஒடிந்துவிடும், ஆனாலும் ஊறிய செதில்கள் கையோடு கழன்று வருவதைப் பார்க்கும்போது நாய்க்கு எவ்வளவு இதமாக இருக்கும் என்று புரியும். உள்ளுறுப்புகளுக்குப் பாதிப்பில்லை என்பதுதான் இதன் பெரிய பலம்.

சைக்ளோஸ்போரின் உடலின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை, அது வேறு வழியில் போகிறது. சுரப்பிகள் மீதான தாக்குதலையே அடக்கப் பார்க்கும். வழக்கமான அளவு கிலோவுக்கு 5 மி.கி., தினமும் ஒரு வேளை, வெறும் வயிற்றில். முதல் சில வாரங்களில் வாந்தி, பேதி வரலாம், நாள்பட ஈறு தடிக்கலாம், நோய்த்தொற்று சுலபமாக ஒட்டும். விலையும் அதிகம். பலன் தெரிய மூன்று நான்கு மாதம் பிடிக்கும் என்பதால் ஆறு வாரத்தில் மனம் தளர்ந்து நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

என்னைக் கேட்டால், எண்ணெயில் தொடங்குங்கள். சுரப்பிகள் இன்னும் மிச்சம் இருக்கிறது, அழற்சி மும்முரமாக நடக்கிறது என்று பயாப்ஸி சொன்னால் காத்திருக்காமல் மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேரும்போது பலன் கூடும். மாத்திரை இருக்கிறதே என்று ஊறலை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்டெராய்டு இந்த நோய்க்குப் பெரிதாக உதவாது. வைட்டமின் ஏ சில நாய்களுக்குக் கேட்கிறது, சிலவற்றுக்கு இல்லை, மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு, தொடவே வேண்டாம்.

அப்புறம் ஒன்று, பூடிலுக்குச் சுருள் முடி போன இடத்தில் நேரான முடி முளைக்கலாம். பயப்பட வேண்டாம், இந்த நோயில் அது சகஜம்.