பெட்ரோல் மானியம்: கையில் ரொக்கமா, பம்பில் சலுகை விலையா?

எண்ணெய்ப் பணத்தை மக்களிடம் சேர்க்க ஈரானும் மலேசியாவும் வெவ்வேறு வழியில் போயின.

ஈரான் 2010 டிசம்பரில் பங்கீட்டு பெட்ரோலை லிட்டருக்கு 1,000 ரியாலிலிருந்து 4,000க்கு உயர்த்தியது. ஈடாகத் தலைக்கு மாதம் 455,000 ரியால். பணம் முன்கூட்டியே வங்கிக் கணக்கில் விழுந்தது. விலை ஏறிய பிறகே எடுக்க முடிந்தது. வண்டியே இல்லாத ஏழைக்கும் பங்கு உண்டு. பிறகு பல ஆண்டுகள் தொகையை உயர்த்தாமல் விட்டார்கள்; பணவீக்கம் அதைத் தின்றுவிட்டது.

மலேசியாவின் புடி95, பம்பிலேயே சலுகை விலையில் பெட்ரோல் தரும் திட்டம்; 2025 செப்டம்பர் 30 முதல் தகுதியுள்ள குடிமக்கள் எல்லாருக்கும் திறந்தது. தொடக்கத்தில் லிட்டர் 1.99 ரிங்கிட், மாதம் 300 லிட்டர் வரை. மைகார்டும் (குடிமக்களின் அடையாள அட்டை) நடப்பிலுள்ள ஓட்டுநர் லைசென்சும் வேண்டும். லைசென்ஸ் காலாவதியாகிவிட்டால் சலுகை இல்லை. கார்டின் சிப் பழுதென்றால் தேசியப் பதிவிலாகாவில் மாற்ற வேண்டும். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளான சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்குக் கிடையாது. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பெரியவர்கள் சிலர் இன்னும் அந்த அட்டையோடு இருப்பதால் இது வலிக்கிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயிலேறி வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் இதில் நேரடியாக ஒரு காசு வராது.

லிட்டர் கணக்கில் கிடைக்கும் சலுகையைப் பணவீக்கம் அவ்வளவு எளிதில் அரிக்காது. அது மலேசிய முறையின் பலம். ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப ரொக்கத்தை உயர்த்தச் சட்டம் இருந்தால், ஈரான் வழியே நியாயமானது.