பாளையங்கோட்டை பைண்டிங் கடையில் ஹூவரின் தாள்கள்

தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அருகில் வளர்ந்தவன் என்பதால், சுரங்கத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டி, 1929இல் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவரின் வாழ்க்கை என்னை நெடுங்காலமாக ஈர்த்து வருகிறது. அவர் பிறந்த, அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து வெஸ்ட் பிராஞ்ச் ஊரில் 1962இல் திறக்கப்பட்ட நூலகம் அவருடைய ஆவணங்களைக் காத்து வருகிறது. இணையவழி கிடைத்த ஆவணங்களையும், அவரும் மனைவி லூவும் லத்தீனிலிருந்து மொழிபெயர்த்து 1912இல் வெளியிட்ட, பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலாவின் சுரங்க நூற்பக்கங்களையும் அச்செடுத்து, பாளையங்கோட்டைத் தெற்கு பஜாரை ஒட்டிய சிறு பைண்டிங் கடையில் கொடுத்தேன்.

முன்பு வேறொரு கடையில் வெறும் பசையால் ஒட்டித் தந்த தொகுதி ஒரே கோடையில் பிரிந்து உதிர்ந்துவிட்டது. இங்குள்ள அண்ணாச்சியோ, எத்தனை முறை புரட்டுவீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டு, ஒவ்வொரு மடிப்பையும் நூலால் தைத்து, பூச்சி அரிக்காதிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து, முதுகுக்குக் காலிகோ துணி வைத்துக் கட்டினார். 1897இல் இளம் பொறியாளராக ஹூவர் சென்றிறங்கிய மேற்கு ஆஸ்திரேலியத் தங்கவயல்களின் வரைபடத்தைத் தனிப்பட்டையில் ஒட்டியதால், அது முழுதாக விரிகிறது. அந்த ஒரு வேலைக்காகவே அவரை மனமாரப் பாராட்டுவேன்.

குறையும் உண்டு. ஓரம் வெட்டும்போது இரண்டு பக்கங்களில் நான் பென்சிலால் எழுதியிருந்த குறிப்புகள் போய்விட்டன; அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வெட்டக் கூடாத ஓரங்களை முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.