நாலு மில்லிமீட்டர்

தூரம், கம்ப்யூட்டர், படிப்பு மூன்றுக்கும் ஒரே லென்ஸாக வரும் ப்ரோகிரஸிவ் லென்ஸின் விலையை லண்டனில் கேட்டதுமே முடிவு செய்துவிட்டேன், மதுரைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று. வயது 47. பள்ளிக்கூட நாளிலிருந்து கிட்டப்பார்வை, மைனஸ் 2.25. இப்போது வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டது.

"அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போயேன்டா" என்றார் அண்ணன். கூட்டத்துக்குப் பயந்து, ஏசி போட்ட கடை ஒன்றில் நுழைந்தேன். இரண்டே நாளில் கண்ணாடி கைக்கு வந்தது. லண்டனில் நடக்குமா?

மாட்டிக்கொண்டு பெரியார் நிலையத்துக்குப் போனால் ஒரு பஸ் போர்டும் தெரியவில்லை. நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மேலே உருட்டினால்தான் 'மாட்டுத்தாவணி' தெரிகிறது. பார்த்தவர்கள் நான் யாரையோ முறைப்பதாக நினைத்திருப்பார்கள். கடைக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் ஒரே பதில்: "போடப் போடப் பழகிடும் சார்."

அப்புறம் டவுன்ஹால் ரோடு பக்கம், சின்ன வயதில் முதல் கண்ணாடி வாங்கிய கடைக்குப் போனேன். பெரியவர் லென்ஸில் வாயால் ஊதி, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். லென்ஸ் செய்தவர்கள் பொறித்த, சாதாரணமாகக் கண்ணுக்கே தெரியாத இரண்டு பொடி வட்டங்கள் தெரிந்தன, 34 மில்லிமீட்டர் இடைவெளியில். அதை வைத்து, கருவிழிக்கு நேரே வர வேண்டிய இடத்தில் மார்க்கரால் புள்ளி குத்தி என் முகத்தில் மாட்டினார். புள்ளி கருவிழிக்கு மேலே நாலு மில்லிமீட்டர் தள்ளி நின்றது.

"ஃபிரேமை மாட்டிவிட்டு கருவிழிக்கு நேரா புள்ளி வெச்சாங்களா தம்பி?"

வைக்கவில்லை. லண்டனில் மனைவிக்கு வைத்தபோது நான் அதை ஏதோ சடங்கு என்று நினைத்தேன். இந்த லென்ஸில் பவர் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. தூரத்துக்கான இடம் புருவத்துக்கு ஏறிவிட்டதால், நேராகப் பார்க்கும்போது கம்ப்யூட்டருக்கான பவர் வழியாக பஸ்ஸைப் பார்த்திருக்கிறேன். படிக்கத் தனித் துண்டு கீழே வைத்த, அப்பா போட்டிருந்த பிறைக்கோட்டுக் கண்ணாடியில் இவ்வளவு வம்பில்லை.

பெரியவர் மூக்குப் பட்டைகளை விரித்து ஃபிரேமைக் கொஞ்சம் இறக்கினார். "பாதிதான் சரியாகும், லென்ஸ் புதுசா போடணும்" என்றார். காசு வாங்கவில்லை. "உங்க பவருக்குப் படிக்கக் கண்ணாடி எதுக்கு? கழற்றிட்டுப் படிங்க."

அதுவும் சரிதான். மைனஸ் 2.25 கண்ணுக்கு 44 சென்டிமீட்டரில் வெறும் கண்ணே போதுமாம். அந்த ஏசி கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை.

இதைக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தட்டுகிறேன். விமான நிலைய போர்டுக்கு மட்டும் தலையைக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது.