84.3 கிலோ, சிவப்பு எழுத்தில்: ஸ்மார்ட் எடை மெஷினோடு ஐந்து மாதம்

வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. முதல் வாரமே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன், இரண்டாவது மாதம் எழுதியிருந்தால் அந்தப் பதிவை நீக்கியிருப்பார்கள். இப்போது கொஞ்சம் ஆறிப்போயிருக்கிறேன்.

கறுப்புக் கண்ணாடி, மேலே நான்கு வெள்ளி வட்டம், ப்ளூடூத், 1,799 ரூபாய். காலையில் ஆர்டர் போட்டேன், சாயங்காலம் பெங்களூரு அல்சூர் வீட்டு வாசலில் இருந்தது. பிராண்ட் பெயர் போடவில்லை. இதே மாதிரி மெஷினை, இதே மாதிரி ஆப்போடு, பல பெயரில் விற்கிறார்கள்.

முதலில் எடை சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தேன். பிரிக்காத 25 கிலோ சோனா மசூரி மூட்டையை ஏற்றினேன்: 25.1, சாக்கோடு சேர்த்து. அப்புறம் 20 லிட்டர் தண்ணீர் கேன், 20.7. மூன்று தடவை இறக்கி ஏற்றினேன் (இடுப்பு பிடித்துக்கொண்டது, அது வேறு கதை), மூன்று தடவையும் அதே எண்தான். ஆனால் வெறும் தரையில் வைக்க வேண்டும். மிதியடி மேல் வைத்தால் ஒரு கிலோ இரண்டு கிலோ என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறது, ஏனென்றால் சென்சார் இருப்பது அடியில் நான்கு கால்களில், நாலும் சமமாக ஊன்றினால்தான் கணக்கு நிற்கும். எடை மெஷினாக இதில் ஒரு குறையும் இல்லை.

கொழுப்பு சதவீதம் என்று ஒன்று காட்டுகிறதே, அதை நம்பாதீர்கள். ஒரு காலிலிருந்து மறு காலுக்குச் சின்ன மின்சாரத்தை விட்டு, எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்த்து, உங்கள் வயது உயரம் எல்லாம் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணிக்கிறது. கொழுப்பை அது நேரடியாக அளக்கவே இல்லை. காலையில் எனக்கு 38.2 சதவீதம். குளித்துவிட்டு ஈரக்காலோடு ஏறினேன், 35.6. இரண்டு சொம்பு தண்ணீரில் இவ்வளவு கரையும் என்றால் நான் ஏன் ஜிம்முக்குப் பணம் கட்டினேன்? உடல் வயது 51 என்றும் சொன்னது. எனக்கு 37. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் ஏற வேண்டாம் என்று அட்டைப்பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ஆப்.

தமிழ் இருக்கிறதே என்று ஆசையாக மொழியை மாற்றினேன். 84.3, சிவப்பு எழுத்தில், கீழே ‘நிலை: கொழுத்தவர்’. மாட்டுச் சந்தையில்கூடக் கொஞ்சம் நாசூக்காகப் பேசுவார்கள். என் உயரம் 158 செ.மீ., பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு) 33.8, எந்த நாட்டுக் கணக்கிலும் பருமன்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வீட்டுக்காரர் ஏறினார்: 76 கிலோ, 172 செ.மீ., பிஎம்ஐ 25.7. அவருக்கு மஞ்சளில் ‘கூடுதல் எடை’. ஆப் எந்த அளவுகோலை வைத்திருக்கிறது என்று எங்கேயும் போடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கணக்கில் 25க்கு மேல் கூடுதல் எடை, 30 ஆனால் பருமன். சீனாவில் 24, 28. நமக்கு, அதாவது இந்தியர்களுக்கு, 23க்கே கூடுதல் எடை, 25 என்றால் பருமன், ஏனென்றால் நம் உடம்பில் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் கொழுப்பும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அப்படிப் பார்த்தால் என் வீட்டுக்காரரும் பருமன். அவரை இன்றுவரை ஒருத்தரும் குண்டு என்று சொன்னதில்லை, கல்யாணத்துக்கு அப்புறம் நல்லா பூசினாப்போல ஆயிட்டார், சமையல் அப்படி என்றுதான் சொல்வார்கள். எனக்கு மட்டும் தடிச்சி. பக்கத்து வீட்டுக் குழந்தை கன்னடத்தில் ‘டும்மி ஆன்ட்டி’, அதாவது குண்டு ஆன்ட்டி, என்று கூப்பிடும். குழந்தையை விடுங்கள், அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான்.

நான் ஏன் 84 ஆனேன் என்று ஆப் கேட்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் 69. அம்மா இறந்தார், அதற்கப்புறம் ஆபீஸ் போவதும் வந்து படுப்பதுமாக இருந்தேன், தூக்கம் இல்லை, எழுந்து குளிப்பதே மலை ஏறுகிற மாதிரி. மனநல டாக்டரிடம் போனபோது மிர்டசபின் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, பசியும் வந்தது, எப்பேர்ப்பட்ட பசி என்றால் ராத்திரி இரண்டு மணிக்குப் பழைய சாதத்தை நின்றபடியே சாப்பிடுகிற பசி. அந்த மாத்திரைக்கு எடை கூட்டும் குணம் உண்டு என்பது தெரிந்த விஷயம். (இதைப் படித்துவிட்டு உங்கள் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார், எனக்கு மாற்றினார்.) 14 மாதத்தில் 15 கிலோ. மனசு தேறிய நேரத்தில் உடம்பு ஊர்வாய்க்கு அவல் ஆகியிருந்தது.

2010இல் வந்த ஒரு ஆய்வைப் பற்றி டாக்டர் சொன்னார், 15 நீண்டகால ஆய்வுகளை, மொத்தம் 58,745 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. பருமன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதம் அதிகம், மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பருமன் வரும் வாய்ப்பு 58 சதவீதம் அதிகம். கோழியா முட்டையா என்று கேட்டால் இரண்டும். நடுவில் ஊர்க்காரர்கள் பேசுகிற பேச்சு வேறு. கேலிக்கு ஆளானவர்கள் இன்னும் அதிகமாகச் சாப்பிடுவதும், உடற்பயிற்சிக்கு வெளியே போகவே கூசுவதும், டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. எனக்கு ஆய்வு வேண்டாம். முட்டிவலி என்று ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன், டாக்டர் முட்டியைத் தொடவே இல்லை, ‘எடையைக் குறைங்க, எல்லாம் சரியாகும்’ என்றார். 700 ரூபாய். அதற்கப்புறம் எட்டு மாதம் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மெஷினை வாங்கினேன். ஆப்பில் ‘குடும்பம்’ என்று ஒரு வசதி. வீட்டுக்காரர் ஏதோ நல்லது செய்வதாக நினைத்து, வேலூரில் இருக்கும் அத்தையையும் அதில் சேர்த்துவிட்டார். ஒரு புதன்கிழமை காலை 6:40க்கு நான் மெஷினிலிருந்து இறங்கினேன், 6:52க்கு போன்.

‘ஏம்மா, ஒரு கிலோ ஏறியிருக்காமே? ராத்திரி சாதம் சாப்பிடறியா?’

அத்தைக்கு என் மேல் கோபமெல்லாம் இல்லை, உண்மையில் கவலைதான். ஆனால் நான் பல்கூட விளக்கவில்லை. அன்று முழுக்க லீவு போட்டுப் படுத்திருந்தேன். ஒரு கிலோ என்பது முந்தின நாள் ராத்திரி சாப்பிட்ட உப்பும் தண்ணீரும், இரண்டு நாளில் தானாக இறங்கிவிட்டது, அந்த இறக்கத்துக்கு யாரும் போன் பண்ணவில்லை.

இந்தப் பகிர்வை நிறுத்த வழி தேடினேன். அமைப்புகள், அதற்குள் கணக்கு, அதற்குள் குடும்பம், அதற்குள் ‘அறிவிப்புகளை நிர்வகி’. அங்கே போனால் நான் நிறுத்த முடியாதாம், குழுவை உருவாக்கியவர் நிறுத்த வேண்டுமாம். என் எடை, என் கால், சாவி வீட்டுக்காரர் கையில். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன், பதிலாக வந்தது உடல் எடையைக் குறைக்கும் புரோட்டீன் பவுடருக்கு 20 சதவீத கூப்பன்.

ஆப்பை நீக்கிவிட்டேன். ஆப் இல்லாமலும் மெஷின் எடை காட்டும், இதை விற்பவர்கள் எங்கேயும் சொல்வதில்லை.

இப்போது மாதத்துக்கு ஒரு தடவை, முதல் ஞாயிறு, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிக்கிறேன். ஒரு தடவை டாக்டர் அறையில் எண்ணுக்கு முதுகைக் காட்டி ஏறச் சொன்னார்கள், நர்ஸ் பார்த்துக் குறித்துக்கொண்டார், வாயைத் திறக்கவில்லை. அப்படியும் எடை பார்க்கலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆப் செய்பவர்கள் யாராவது படித்தால், எண்ணை மறைத்து டாக்டருக்கு மட்டும் அனுப்புகிற வசதி வையுங்கள், அதற்கு நான் தனியாகப் பணம் தருகிறேன். இப்போதைய எடை எவ்வளவு என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன்.

மெஷினுக்கு 4, ஆப்புக்கு பூஜ்யம் போட வழியில்லாததால் 1. பேட்டரி மூன்று பென்சில் செல், இன்னும் மாற்றவில்லை. கண்ணாடியில் கால் ரேகை பிடிக்கும், துடைக்கத் துணி வேண்டும்.

போன வாரம் அத்தை வந்திருந்தார். கட்டிலடியில் மெஷினைப் பார்த்துவிட்டு, ‘இதுதானா அது’ என்று காலால் லேசாகத் தொட்டார், ஒளி வந்ததும் காலை இழுத்துக்கொண்டார். ஏறிப் பாருங்கள் அத்தை, யாருக்கும் போகாது என்றேன்.

‘எனக்கு வேணாம்மா. புடவை வெயிட்டும் சேர்த்துக் காட்டும்.’

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து புதிதாக வந்த கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து ஏற்றினோம். காலி எடை 15.4 என்று மேலே அடித்திருந்தது, மெஷின் 29.6 காட்டியது. உள்ளே 14.2 கிலோ, கணக்கு சரி.