ஐ.சி.யு. நர்ஸ் ஆக மூன்று வழிகள்: எது யாருக்குச் சரிப்படும்?

வேலூர் பக்கம் நர்சிங் முடித்த பெண்களிடம் அடுத்து என்ன என்று கேட்டால் ஒன்று வெளிநாடு, இல்லையென்றால் எம்.எஸ்சி. வேறு வழிகளும் இருக்கின்றன, யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது கணக்கு, ஆனால் அந்த வேலையில் தேர்ந்த கைதான் கிடைப்பதில்லை. 1946-லேயே பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) இருக்கிற ஊர் இது என்பதால் மூன்று வழிகளையும் இங்கே வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலில் எம்.எஸ்சி., இரண்டு வருடம். நல்ல படிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் முடித்தவர்கள் பெரும்பாலும் நர்சிங் கல்லூரியில் ட்யூட்டராகப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள், வார்டுக்கு ஆள் கூடுவதில்லை. ஜி.என்.எம்., அதாவது பட்டம் இல்லாமல் நர்சிங் டிப்ளமோ படித்தவர் என்றால் இன்னும் சுற்று: மூன்று வருட ஜி.என்.எம்., அந்த டிப்ளமோவைப் பட்டமாக்க இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., அதற்கு மேல் எம்.எஸ்சி. இரண்டு, ஆக ஏழு வருடப் படிப்பு, நடுவில் வேலை அனுபவம் தனி.

இரண்டாவது போஸ்ட் பேசிக் டிப்ளமோ, நர்ஸ் ஆன பிறகு ஒரு பிரிவில் மட்டும் தேர்ச்சி பெறும் படிப்பு, ஒரே வருடம். ஜி.என்.எம். முடித்தவரும் சேரலாம், பதிவு செய்த நர்ஸாக ஒரு வருட அனுபவம் இருந்தால் போதும். தீவிர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளங்குழந்தை, அவசர சிகிச்சை என்று பிரிவுகள் உண்டு. குடியாத்தத்திலோ ஒடுகத்தூரிலோ சம்பளத்தை எதிர்பார்த்துக் குடும்பம் காத்திருக்கிற பெண்ணுக்கு எட்டக்கூடியது இதுதான். இதன் பெரிய குறை, முடித்து வந்தாலும் பல இடங்களில் அதே ஸ்டாஃப் நர்ஸ் பதவி, ஏறக்குறைய அதே சம்பளம். ஐ.சி.யு.வுக்கென்று படித்தவரை ஆள் குறைகிறது என்று பொது வார்டுக்கு மாற்றிவிடுவதும் நடக்கிறது, அப்புறம் ஏன் அடுத்தவர் படிக்க வருவார்?

மூன்றாவது நர்ஸ் பிராக்டிஷனர், இந்திய நர்சிங் கவுன்சில் 2016-17 வாக்கில் தீவிர சிகிச்சைக்கென்று கொண்டுவந்த இரண்டு வருட முதுநிலைப் படிப்பு. பி.எஸ்சி. வேண்டும், அனுபவமும் வேண்டும். வகுப்பறை கொஞ்சம், மீதியெல்லாம் நோயாளிக்குப் பக்கத்திலேயே. வேலையில் இருந்துகொண்டு சேர்பவருக்குச் சம்பளம் தொடர வேண்டும் என்பதும் திட்டத்தில் உண்டு. படிப்பாகப் பார்த்தால் மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். முடித்தவருக்கென்று தனிப் பதவி பல மருத்துவமனைகளில் இல்லை என்பதுதான் இடிக்கிறது.

உயர்கல்வியை எல்லோருக்கும் எட்ட வைப்பது பற்றி நிறையப் பேசுகிறோம். புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது, பெரிய விஷயம்தான், ஆனால் அது முதல் பட்டமோ டிப்ளமோவோ முடியும் வரைதான். நிபுணத்துவப் படிப்பு அதற்குப் பிறகுதானே தொடங்குகிறது! அங்கே சம்பளத்தை விட்டுவிட்டுப் படி என்றால் வசதியான வீட்டுப் பெண்கள் மட்டும்தான் வருவார்கள்.

அதனால் என் கணக்கு இது: ஜி.என்.எம். முடித்தவர் டிப்ளமோவுக்குப் போகலாம். பி.எஸ்சி. முடித்து ஐ.சி.யு. பிடித்துப்போனவர், சம்பளம் தொடரும் என்றால் நர்ஸ் பிராக்டிஷனருக்குப் போகலாம். பாடம் நடத்த ஆசை இருந்தால் மட்டும் எம்.எஸ்சி. எதில் சேர்ந்தாலும் படிப்பு முடிந்து எத்தனை வருடம் பாண்ட் (அங்கேயே வேலை பார்க்க வேண்டிய கட்டாய ஒப்பந்தம்), அந்தக் காலத்தில் எந்த வார்டு, என்ன சம்பளம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.